கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: சில கேள்விகள், சில பதில்கள்

மே முதல் வாரம் கத்திரி தொடங்கிவிட்டால் வருகிற கேள்விகளில் பாதி தண்ணீரைப் பற்றித்தான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காலையும் மாலையும் ஊற்றுகிறேன், ஆனாலும் மதியம் கத்தரிச்செடி துவண்டு விழுகிறது. மூன்றாவது முறையும் ஊற்றலாமா? (வேலூர்)

வேண்டாம். உச்சி வெயிலில் இலை வழியாக நீர் போகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, அதனால் மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் செடிக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் உடனே குழாயைத் திறக்காமல் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஏனென்றால் தென்னை நார்க்கழிவு கலந்த பைகளில் மேலே காய்ந்து தூளாகக் கிடக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும், அதில் மேலும் ஊற்றினால் வேர் அழுகிச் செத்துப்போகும். அப்புறம், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வருகிற தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காலை ஏழு மணிக்குள் நன்றாக, அடித்துளை வழியாக வெளியேறும்வரை ஊற்றுங்கள். மண்மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ பரப்புங்கள். பைகளை வெறும் கான்கிரீட்டில் வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். வேர் சூடாகாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தக்காளி நிறையப் பூக்கிறது, எல்லாம் உதிர்கிறது. என்ன உரம் போடுவது?

உரத்தால் ஆகிற காரியம் இல்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் மகரந்தம் கெட்டுப்போய்ப் பூ காயாகாது. ஆடியில் புதிதாக விதைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள், இவை வெயிலைத் தாங்கும்.

நிழல்வலை கட்டியிருக்கிறேன். மல்லியையும் உள்ளே வைத்துவிடட்டுமா? (மதுரை)

மதுரையில் இருந்துகொண்டு மல்லியை நிழலில் வைப்பதா! மல்லிக்கு இதுதான் சீசன், நல்ல வெயில் பட்டால்தான் மொட்டு வரும், தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. ரோஜாவுக்கு மதியத்துக்கு மேல் நிழல் கிடைத்தால் நல்லது, கீரைக்கும் நாற்றுகளுக்கும் கட்டாயம் வேண்டும். பாதி வெயிலைத் தடுக்கிற 50 சதவீத வலை போதும். செடியின் தலையில் போர்த்தினாற்போல் கட்டாமல் ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் கட்டுங்கள், காற்று போக வேண்டும்.

செம்பருத்தி முழுக்க வெள்ளையாக மாவுப்பூச்சி. மருந்து சொல்லுங்கள்.

முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், மோசமான கிளைகளை வெட்டிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள் (உரத்தொட்டியில் அல்ல). பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மாலையில் மட்டும் அடியுங்கள், வெயிலில் அடித்தால் இலை கருகும். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம். எறும்பு ஏறுகிறதா பாருங்கள். அதை விரட்டாவிட்டால் மாவுப்பூச்சி திரும்ப வரும், எறும்புதான் அதற்குக் காவல்.

லீவுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம்.

பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அது முடியாவிட்டால் தொட்டிகளைச் சுவர் நிழலில் ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, கிளம்பும் அன்று நிறைய ஊற்றி, மூடியில் சின்ன ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துச் செருகிவிட்டுப் போங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள், டெங்கு கொசுவை வளர்த்த மாதிரி ஆகிவிடும்.

ஏசி அறையில் மணிபிளான்ட் இலை நுனி பழுப்பாகிறது.

ஏசிக் காற்று நேராகப் படாத மூலைக்கு மாற்றுங்கள். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது, புது இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.