லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் தரத்தை அளக்க ஒரே அளவுகோல் உண்டா? ஆளுக்கு ஆள் மாறுமா?

மாறும். டிஸ்ட்ரோ என்றால், விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸைத் தேவையான மென்பொருள்களோடு சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்பு. எல்லா டிஸ்ட்ரோவையும் ஒரே புள்ளிப்பட்டியலில் வரிசைப்படுத்த முடியாது. டிஸ்ட்ரோவொச் தளத்தின் வரிசையைப் பலர் தரவரிசை என்றே நம்புகிறார்கள். ஆனால் அது, ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் அந்தத் தளத்தில் உள்ள பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்கு மட்டும்தான். பொதிகளின், அதாவது நிறுவக்கூடிய மென்பொருள்களின், எண்ணிக்கையும் பெரிதாக ஒன்றும் சொல்லாது. 2023இல் டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 12ஆம் பதிப்பு வந்தபோது அதில் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. வெள்ளவத்தையில் டைப் செய்து கொடுக்கும் அக்கா ஒருவருக்கு அதில் நாலைந்து போதும்.

அளப்பது எப்படி என்று நான் அவரிடம்தான் படித்தேன். விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அவருடைய பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்பதால் லினக்ஸ் மின்ட் என்ற டிஸ்ட்ரோவைப் போட்டுக் கொடுத்தேன். வைஃபை, திரை, சத்தம் எல்லாம் முதல் தடவையே சரி. அன்று கேட்டிருந்தால் பத்துக்குப் பத்து கொடுத்திருப்பேன். மறுநாள் காலை போன் வந்தது: "தம்பி, என்ர பழைய லெட்டர் எல்லாம் இங்கிலீஸ் எழுத்தாக் கிடக்கு."

பாமினிதான். அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறை அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அந்த எழுத்துருவைக் கொண்டுபோய் நிறுவியதும் கடிதங்கள் திரும்பவும் தமிழாகின. ஆனால் யூனிகோடில் புதிதாக அடிக்க, அவருடைய விரலுக்குப் பழகிய விசை ஒழுங்கைத் தேடிப்பிடிக்க எனக்கே ஒரு பின்னேரம் போய்விட்டது. பிறகு பிரிண்டர்: நீளத் தாளில் அடித்த உறுதிப் பத்திரத்தில் கடைசி இரண்டு வரிகளைக் காணோம். உறுதியில் இரண்டு வரி இல்லையென்றால் அது அவருடைய பிழைப்பையே பாதிக்கும் விஷயம். எந்த ஒப்பீட்டுக் கட்டுரையிலும் இதற்கு ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து நான் இப்படித்தான் அளக்கிறேன். அந்த ஆள் அடிக்கடி செய்யும் ஐந்து வேலைகளை அவரையே செய்யச் சொல்லிவிட்டு, கைகட்டிப் பக்கத்தில் இருப்பேன். எதில் மாட்டுகிறார், எத்தனை நிமிடம் போகிறது என்று குறிப்பேன். பிறகு ஒரு மாதம் போன் அழைப்புகளை எண்ணுவேன். அக்கா முதல் வாரம் ஒன்பது தடவை எடுத்தார், நாலாம் வாரம் ஒரு தடவை. ஒன்பதைவிட, அது ஒன்றாகக் குறைந்ததுதான் எனக்கு முக்கியம்.

சேர்வர் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று வைக்கப்பட்டிருப்பது வெளியே வந்தது. எஸ்எஸ்எச், அதாவது தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழி, அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து அதைப் பிடித்தவர் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்ற மென்பொருள் பொறியாளர். டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு அந்தப் பதிப்புகள் போயிருந்தன, நிலையான பதிப்புக்குப் போகவில்லை. நிலையான பதிப்பில் இருப்பவை பழைய பொதிகள் என்று நாங்கள் குறைசொல்லும் அதே குணம் அங்கே காவலாக நின்றது. சேர்வருக்கு நான் பார்ப்பது, ஓட்டை தெரியவந்த நாளுக்கும் திருத்தம் வந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள், அப்டேட்டுக்குப் பிறகு எத்தனை தடவை ஏதாவது உடைந்தது என்பவற்றைத்தான். புரோகிராமிங் படிக்கும் பிள்ளைக்கோ அந்தப் பழைய பொதியே தொந்தரவு. அவருக்குப் புதிய பொதிகளோடு வரும் ஃபெடோரா பொருந்தலாம்.

ஆதரவுக் காலத்தை, அதாவது திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் காலத்தை, எல்லோருக்கும் பார்க்கவேண்டும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு 5 வருடம், இடைப் பதிப்புக்கு 9 மாதம், ஃபெடோராவுக்கு ஏறக்குறைய 13 மாதம். அந்தக் காலம் முடியும்போது பதிப்பை உயர்த்த யார் வருவார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வயதான அம்மாவின் கணினிக்கு 9 மாதப் பதிப்பைப் போடாதீர்கள்.

யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவர் தினமும் செய்யும் ஐந்து வேலைகளையும், பிரிண்டரின் மொடலையும், தாளின் அளவையும் சேர்த்து எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.