பர்கர் கடை கொடுத்த ஜெர்சி

கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகள் பத்தாம் வகுப்பு, பள்ளியின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். போன மாதம் வேறொரு பள்ளியில் ஆட்டம். ஜிம்முக்குப் போகும் தாழ்வாரத்தில் ஒரு ஜெர்சியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி, மேலே விளக்கும் போட்டு, மூலவர் மாதிரி வைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் 'மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன்' என்று இருக்கிறது. "பர்கர் கடைக்காரன் கொடுத்த சட்டைக்கா இவ்வளவு மரியாதை?" என்று சிரித்துவிட்டேன். மகளுக்கு வந்ததே கோபம்! வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் தேடிப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசிய அளவில் பட்டம் கொடுப்பவர்கள் பர்கர் கம்பெனியும் கூல்டிரிங்க்ஸ் கம்பெனியும்தான் போலிருக்கிறது. இவ்வளவு பெரிய நாட்டில் அரசாங்கமோ விளையாட்டுச் சங்கமோ இதைச் செய்யக் கூடாதா? விளம்பரத்துக்குக் கொடுப்பதை விருது என்று எப்படி எடுத்துக்கொள்வது? இன்னொன்று, பள்ளிப் பயிற்சியாளர்களுக்கும் தேசிய விருது இருக்கிறதாம். ஆடி ஜெயிப்பது பிள்ளைகள், கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவருக்கு எதற்கு விருது? நீங்கள் கூடைப்பந்து ரசிகர் என்று முன்பே எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம், மகள் உங்கள் பக்கத்தைப் படிப்பாள்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளிடம் ஒரு சாரி சொல்லிவிடுங்கள். அந்த ஜெர்சி வருடத்துக்கு 24 பையன்களுக்கும் 24 பெண்களுக்கும் மட்டும்தான் கிடைக்கும். நாடு முழுவதற்கும் சேர்த்தே அவ்வளவுதான். ஒரு பள்ளியில் எப்போதாவது ஒருவருக்குக் கிடைத்தால் விளக்குப் போட்டுத்தான் வைப்பார்கள்.

நானும் பள்ளி அணியில் இருந்தவன்தான். ஆடியது குறைவு, பென்ச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டதுதான் அதிகம். ஆகவே பட்டம் வாங்கியவன் என்ற முறையில் பேசவில்லை.

அரசாங்கம் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் அந்நாட்டுப் பள்ளி விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே பள்ளி விளையாட்டு மாநிலத்தோடு முடிந்துவிடும் சமாச்சாரம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சங்கம் உண்டு. அது நடத்தும் போட்டியில் ஜெயித்தால் மாநிலச் சாம்பியன், அதோடு சரி. மாநிலச் சங்கங்களுக்குப் பொதுவாக ஒரு தேசியக் கூட்டமைப்பு இருக்கத்தான் செய்கிறது. அது விதிமுறைப் புத்தகம் போடும், சாதனைகளைப் பதிந்து வைக்கும், தேசியப் போட்டி நடத்தாது. (இப்போது தனியார் நடத்தும் 'தேசிய' போட்டிகள் வந்துவிட்டன, அது வேறு கதை.) ஆக, ஓஹாயோ பையன் பெரியவனா கலிஃபோர்னியா பையன் பெரியவனா என்று களத்தில் தீர்த்துக்கொள்ள வழியே இல்லாமல் இருந்தது. டீக்கடையில் பேசித் தீர்க்கலாம், அல்லது யாராவது பட்டியல் போட வேண்டும்.

முதலில் பட்டியல் போட்டவர்கள் பத்திரிகைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களோடு இணைப்பாக வந்த 'பரேட்' 1957-லிருந்து பையன்களுக்கும், 1977-லிருந்து பெண்களுக்கும் ஆல் அமெரிக்கா அணியை அறிவித்தது. அதே 1977-இல்தான் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் அணியைத் தேர்ந்தெடுத்தது. மிச்சிகனிலிருந்து வந்த ஒரு நெட்டைப் பையன் அதில் இருந்தான், எர்வின் ஜான்சன் என்று பெயர். 'மேஜிக்' என்றால்தான் உங்களுக்குத் தெரியும். கேட்டரேட் என்ற பானக் கம்பெனியின் விருது வந்தது 1985-இல். சங்கங்கள் காலியாக விட்ட நாற்காலியில் கம்பெனிகள் வந்து உட்கார்ந்தன. விளம்பரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது பர்கர் சுடுகிறவர்கள் இல்லை, இந்த ஆட்டத்திலேயே ஊறியவர்கள். யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் பத்துத் தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜான் வூடன், தேர்ந்தெடுத்த பிள்ளைகளை வைத்து மெக்டொனால்ட்ஸ் வருடாவருடம் நடத்தும் ஆட்டத்தோடு நெடுங்காலம் இருந்தார். வருமானமும் மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் நோயாளிக் குழந்தைகளின் குடும்பங்கள் தங்கும் இல்லங்களுக்குப் போகிறது.

சங்கம் கொடுத்தால் சுத்தமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை.

இண்டியானா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். கூடைப்பந்து என்றால் அங்கே திருவிழா. வருடத்தின் சிறந்த பள்ளி ஆட்டக்காரருக்கு 'மிஸ்டர் பாஸ்கெட்பால்' என்ற பட்டத்தை 1939-லிருந்து கொடுக்கிறார்கள். முதல் பட்டம் வாங்கியவர் ஜார்ஜ் க்ரோ, கறுப்பினத்தவர். ஆனால் அந்த மாநிலத்துச் சங்கம் 1942 வரை கறுப்பினப் பள்ளிகளைப் போட்டிக்குள்ளேயே விடவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அதே கதிதான். கலப்புப் பள்ளியில் படித்த க்ரோவுக்குப் பட்டம் கிடைத்தது. தலைநகர் இண்டியானாபொலிஸில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே கட்டிய கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி போட்டிக்கு வெளியே நின்றது.

அந்தப் பள்ளிக்குப் பின்னாளில் பயிற்சியாளராக வந்தவர் ரே க்ரோ, ஜார்ஜின் அண்ணன். 1955-இல் அட்டக்ஸ் மாநிலப் பட்டத்தை ஜெயித்தது. ஆஸ்கர் ராபர்ட்சன் அப்போது அந்த அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அதற்கு முன் இண்டியானாபொலிஸ் பள்ளி எதுவும் அந்தப் பட்டத்தை வாங்கியதில்லை. வழக்கமாக ஜெயித்த அணி நகர நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தில் இறங்கிக் கொண்டாடும். அட்டக்ஸ் பையன்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, அந்த வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நிறுத்தாமல் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். கொண்டாட்டம் அங்கே, தீ மூட்டி. ராபர்ட்சன் பாதியிலேயே கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மறு வருடம் அட்டக்ஸ் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மீண்டும் ஜெயித்தது, ராபர்ட்சனுக்கு மிஸ்டர் பாஸ்கெட்பால் பட்டமும் வந்தது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் பெரிய பெயர் எடுத்த பிறகும் அவர் அந்த ஒரு சுற்றை மறக்கவில்லை.

இன்னொரு கதை, சமீபத்தியது. 2003 ஜனவரியில் ஓஹாயோ மாநிலச் சங்கம், பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான லெப்ரான் ஜேம்ஸ் இனிப் பள்ளிக்கு ஆடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. குற்றம் என்ன? ஒரு கடையில் இரண்டு பழைய மாடல் ஜெர்சிகளை இலவசமாக வாங்கிக்கொண்டான். இரண்டும் சேர்த்து 845 டாலர். அதே பையனின் ஆட்டத்தை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், கூட்டம் தாங்காமல் பள்ளி தன் ஆட்டங்களைப் பல்கலைக்கழக அரங்குக்கு மாற்றியது. அதையெல்லாம் யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. பையன் இரண்டு சட்டை வாங்கினால் மட்டும் பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் தர்மம் கெட்டுவிடும். நீதிமன்றம் தலையிட்டு மறுபடி ஆடவிட்டது. அந்த வருடமும் கேட்டரேட் தேசிய விருது அவனுக்கே, இரண்டாவது முறையாக. சில மாதங்களில் நைக்கியோடு சுமார் 9 கோடி டாலர் ஒப்பந்தம். இப்போது காலம் மாறி, பல மாநிலங்களில் பள்ளி மாணவர்களே விளம்பரத்தில் சம்பாதிக்கலாம்.

சரி, பட்டியல் போடுகிறவர்கள் சரியாகத்தான் போடுகிறார்களா? பாதி சரி. பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ஸ்டீஃபன் கரி மெக்டொனால்ட்ஸ் அணியில் இல்லை. பெரிய கல்லூரிகளும் அவரைச் சீந்தவில்லை, டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். இத்தனைக்கும் அப்பா என்.பி.ஏ. ஆட்டக்காரர். இன்னொரு என்.பி.ஏ. நட்சத்திரம் லாரி பேர்டுக்கு இண்டியானாவின் மிஸ்டர் பாஸ்கெட்பால் கிடைக்கவில்லை.

மைக்கேல் ஜோர்டன் கதை வாட்ஸப்பில் வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, 'பள்ளி அணியிலிருந்து துரத்தப்பட்டவர்' என்று. யாரும் துரத்தவில்லை. பத்தாம் வகுப்பில் பள்ளியின் முதன்மை அணியில் இருந்த ஒரே இடம் அவரைவிட உயரமான வகுப்புத் தோழனுக்குப் போனது, இவரை ஜூனியர் அணியில் போட்டார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய கதை. 1981, கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் மெக்டொனால்ட்ஸ் ஆட்டம். முடிய 11 விநாடி இருக்கும்போது ஜோர்டனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டையும் போட்டார், அணி 96-95 என்று ஜெயித்தது. அன்று அவர் எடுத்தது 30 புள்ளி. சிறந்த ஆட்டக்காரர் விருது? வேறு இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள், அதில் ஒருவர் உள்ளூர் விச்சிட்டா பையன். ஜோர்டனின் அம்மாவுக்கு மனசே ஆறவில்லையாம். எந்த அம்மாவுக்குத்தான் ஆறும்.

பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் பட்டம் ஜாதகம் எழுதுவது போலத்தான். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை அப்படி ஆடினாள் என்பது பொய்யாகிவிடாது. உங்கள் மகளிடம் 2004 பற்றிக் கேளுங்கள், தெரிந்திருக்கும். மெக்டொனால்ட்ஸ் வாரத்தில் நடக்கும் டங்க் போட்டியில் பையன்களோடு பெண்ணாகக் கேண்டஸ் பார்க்கர் இறங்கினார். ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓடிவந்து பந்தைக் கூடைக்குள் அடித்தார். பின்னாளில் என்.பி.ஏ.வுக்குப் போன ஜே.ஆர். ஸ்மித் உட்பட அத்தனை பேரும் தோற்றார்கள். அவருக்கு முன் எந்தப் பெண்ணும் அந்தப் போட்டியில் ஜெயித்ததில்லை.

பயிற்சியாளர் விருதுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் சுட்டது இதுதான். பிள்ளைகளுக்கான பட்டம் இனி வரப்போவதைப் பற்றிய கணிப்பு. பயிற்சியாளருக்குக் கிடைப்பது நாற்பது வருடம் வேலை பார்த்து முடித்த பிறகு எடுக்கும் கணக்கு. எனக்கு இரண்டாவதன்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

மேரிலண்டில் டிமாத்தா கத்தோலிக்கப் பள்ளியில் மார்கன் வூட்டன் என்று ஒருவர் (முன்னே சொன்ன ஜான் வூடன் வேறு). சரித்திர வாத்தியார். 1956 முதல் 2002 வரை அங்கேயே இருந்து 1,274 ஆட்டங்கள் ஜெயித்தார். 1965-இல் நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளியோடு ஆட்டம். அந்த அணி தொடர்ந்து 71 ஆட்டம் ஜெயித்திருந்தது, காரணம் லூ அல்சிண்டர் என்ற ஏழடிப் பையன், பிற்காலத்து என்.பி.ஏ. நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார். அவன் கையை உயர்த்தினால் பந்து கூடைப் பக்கம் போகாது. வூட்டன் என்ன செய்தார்? பயிற்சியில் தன் பையன்கள் ஷாட் அடிக்கும்போது, எதிரே நிற்கிறவர் கையில் டென்னிஸ் ராக்கெட்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ராக்கெட்டுக்கு மேலே பந்தை வளைத்துப் போடப் பழகினார்கள். ஆட்டத்தன்று அல்சிண்டரால் 16 புள்ளிதான் எடுக்க முடிந்தது. டிமாத்தா 46-43 என்று ஜெயித்தது. பிள்ளைகள்தான் ஆடினார்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த ராக்கெட் யார் மூளை?

ஜெர்சி சிட்டியின் பாப் ஹர்லி பகலில் நன்னடத்தை அதிகாரி, அதாவது தண்டனை பெற்று வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிக்கும் வேலை. சாயங்காலம் செயிண்ட் ஆண்டனி பள்ளியில் பயிற்சி. பள்ளிக்குச் சொந்தமாக ஜிம் கிடையாது. நம்மூர்த் தம்போலா மாதிரி பிங்கோ ஆடும் கூடம் ஒன்றில் பல வருடம் பயிற்சி நடந்தது. அந்தப் பள்ளி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாநிலப் பட்டங்கள் வாங்கியது. 2010-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் ஹர்லியின் பெயர் ஏறியது. 2017-இல் பணமில்லாமல் பள்ளியையே மூடிவிட்டார்கள். புகழ்மண்டபப் பலகையால் கரண்ட் பில் கட்ட முடியாது.

அதே மண்டபத்துக்குள் 1985-இல் முதன்முதலாக மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். அதில் ஒருவர் பெர்த்தா டீக், ஓக்லஹோமாவில் பைங் என்ற குக்கிராமத்துப் பள்ளியின் பயிற்சியாளர். 1,157 வெற்றி, 115 தோல்வி. உங்கள் மகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊர்க்காரர் ஒருவர். டாலஸுக்குப் பக்கத்திலுள்ள ஃபோர்ட் வொர்த்தில் ராபர்ட் ஹியூஸ். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஐ.எம். டெரல் பள்ளியில் 1958-இல் தொடங்கினார். வெள்ளைப் பள்ளிகளோடு ஆட அனுமதியில்லாத காலம், கறுப்பினப் பள்ளிகளுக்குத் தனி லீக். அதில் மூன்று பட்டங்கள். 1973-இல் டெரலை மூடியதும் டன்பார் பள்ளிக்குப் போனார். 2003-இல் வூட்டனின் 1,274-ஐத் தாண்டி, 1,333-இல் ஓய்வு பெற்றார். புகழ்மண்டபம் கூப்பிட்டது 2017-இல், ஓய்வுக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து.

அடுத்த முறை அந்தப் பள்ளிக்கு ஆட்டம் பார்க்கப் போனால் கண்ணாடிப் பெட்டியை இன்னொரு தடவை பாருங்கள். ஜெர்சிக்குக் கீழே அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தவர் பெயரைப் போட்டிருக்கிறார்களா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.