அம்மாவை இல்லத்தில் சேர்த்தால் கட்டளையை மீறியதாகுமா?

கேள்வி: மறதிநோய் முற்றிய என் அம்மா இரவில் எழுந்து வெளியே போய்விடுகிறார். தூக்கிக் குளிப்பாட்ட எனக்கு உடல்வலு இல்லை. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறார் மருத்துவர். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்ற வசனத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் வசனம் வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 5:8. அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். ஆதரவற்ற விதவைகளைச் சபை எப்படித் தாங்குவது என்று வகுத்துச் சொல்லும் பகுதி அது. காக்க முடிந்தும் பொறுப்பைச் சபையின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குகிறவர்களைத்தான் அது கண்டிக்கிறது. 16ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்தால் இது விளங்கும். இரவெல்லாம் கண்விழித்துக் களைத்துப்போன பிள்ளையை அது குற்றவாளி ஆக்கவில்லை. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்வதும், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’ என்னும் காணிக்கையாக அறிவித்துக் கைவிரித்தவர்களைத்தான்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமாக எனக்குத் தோன்றுவது யோவான் 19:26-27. சிலுவையில் தொங்கும்போது இயேசு தம் தாயைத் தமக்கு அன்பான சீஷனிடம் ஒப்படைக்கிறார். அவன் மரியாள் பெற்ற மகன் அல்ல. தாயைப் பிறர் கையில் ஒப்படைப்பதே பாவம் என்றால் அவர் அதைச் செய்திருப்பாரா? ஆனால் நம்பிக்கைக்குரியவனிடம் ஒப்படைத்தார். ஆகவே சேர்ப்பதற்கு முன் அந்த இல்லத்தைப் பகலில் ஒருமுறை, முடிந்தால் இரவிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கட்டிலோடு கட்டிவைக்கிறார்களா, மருந்து கொடுத்து மயக்கத்திலேயே கிடத்துகிறார்களா, கழிப்பறைக்குப் போக உதவி கேட்டால் உடனே வருகிறார்களா என்று கவனியுங்கள். அங்கே ஐயம் எழுந்தால் வேறு இல்லம் தேடுங்கள்.

தாயையும் தகப்பனையும் கனம்பண்ணும் கட்டளை, அவரைச் சேர்த்த அன்றோடு முடிவதில்லை. அம்மாவுக்கு உங்களை அடையாளம் தெரியாமல் போனாலும் தவறாமல் போய்ப் பாருங்கள். “நான் யார் தெரிகிறதா?” என்று சோதிக்காதீர்கள், உங்கள் பெயரைச் சொல்லியே பேசத் தொடங்குங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபம், 23ஆம் சங்கீதம், சிறுவயதில் பாடிய பாட்டுகள் ஆகியவை பேச்சுக் குறைந்த பிறகும் பலருடைய நாவில் தங்கியிருக்கின்றன. மெதுவாகச் சொல்லுங்கள். அவர் சேர்ந்து சொல்லாவிட்டாலும் அவருடைய விசுவாசம் போய்விட்டதோ என்று கலங்க வேண்டாம்: நரைவயதுமட்டும் தாங்குவேன் என்று ஏசாயா 46:4இல் வாக்குக் கொடுப்பவர் கடவுள், அந்த வாக்கு அம்மாவின் ஞாபகசக்தியை நம்பி நிற்கவில்லை.

திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) கொடுக்க உங்கள் போதகரை அழையுங்கள். விழுங்குவதில் சிரமம் இருந்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால், செலவில் யார் பங்கு எவ்வளவு, எந்த வாரம் யார் போவது என்பதை அம்மாவைச் சேர்க்கும் முன்பே பேசி எழுதிவைத்துவிடுங்கள்.