திங்கட்கிழமை செய்தது

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் நானும் அக்காவும் ‘வாட் ஹேப்பன்ட் டு மண்டே’ படம் பார்த்தோம். கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுத்த மண்டேயை நான் கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் அக்கா, “அவ செய்ததுல என்னடே தப்பு?” என்று கேட்டுவிட்டு சாயா போட எழுந்து போய்விட்டாள். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஜவுளிக்கடையில் நின்று என்னை இன்ஜினியரிங் படிக்கவைத்தவள். இவ்வளவு தியாகம் செய்தவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தது எனக்கு என்னவோபோல இருக்கிறது. இது தியாகத்தைச் சொல்கிற படமா, துரோகத்தைச் சொல்கிற படமா?

ஆர்.
கருங்கல்

அன்புள்ள ஆர்.,

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவும் வரும், வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வருங்காலத்தில் நடக்கிற கதை. ஜனத்தொகை பெருத்துவிட்டது. எல்லோருக்கும் சோறு போட மரபணு மாற்றிய பயிர்களைக் கொண்டுவந்தால், அதைத் தின்றவர்களுக்கு இரட்டையும் மூன்றுமாகப் பிறக்கிறது. வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்று சட்டம் போடுகிறார்கள். மிச்சப் பிள்ளைகளை உறையவைத்துத் தூங்கவைக்கப்போவதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். உண்மையில் எரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரே பிரசவத்தில் ஏழு பெண்கள் பிறக்கிறார்கள். தாய் இறந்துவிட, தாத்தா அவர்களுக்குக் கிழமைகளின் பெயரைப் போட்டு ஒளித்து வளர்க்கிறார். அவரவர் கிழமையில் மட்டும் வெளியே போகலாம். வெளியே ஏழு பேருக்கும் கேரன் செட்மேன் என்று ஒரே பெயர். ராத்திரி வந்து, அன்றைக்கு யார் என்ன பேசினார்கள் என்று மற்ற ஆறு பேருக்கும் ஒப்பிக்க வேண்டும். 2073இல், அவர்களுக்கு முப்பது வயதாகும்போது, ஒரு திங்கட்கிழமை, திங்கள் வீடு திரும்பவில்லை.

2017இல் வந்த படம். ஏழு பேராகவும் நடித்திருப்பது நூமி ரபாஸ். இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் சீனாவை நினைத்துக்கொள்ளலாம். 1980 முதல் 2015 வரை அங்கே ஒரு பிள்ளைச் சட்டம் இருந்தது. பதிவேட்டில் பெயரே ஏறாமல் வளர்ந்த பிள்ளைகள் அங்கே ஏராளம்.

சண்டைக் காட்சிகள் எனக்கு மறந்தேபோயின. மறக்காமல் நிற்பது ஒரு விரல். சின்ன வயதில் வியாழன் யாருக்கும் தெரியாமல் வெளியே போய், ஸ்கேட்போர்டில் விழுந்து விரல் நுனியை இழந்து வருகிறாள். ஒருத்திக்கு இல்லையென்றால் ஒருத்திக்குமே இருக்கக்கூடாது. தாத்தா கத்தியை எடுக்கிறார். பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர்தான்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். காரணம் என் அம்மை, என்னைப் பெற்றவள்.

விளவங்கோடு பக்கம் எங்கள் ஊரில் அன்றைக்குப் பெண்களுக்கு வேலையென்றால் அண்டி ஆபீஸ்தான், முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலை. அம்மையின் அக்கா, என் பெரியம்மை, அங்கே உடைப்பில் இருந்தாள். அண்டித் தோட்டில் ஓர் எண்ணெய் உண்டு, பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். ஆனாலும் விரலெல்லாம் கறுத்து உரியும். பெரியம்மைக்கு மஞ்சள்காமாலை வந்தது. சேர்ந்தாற்போல வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. என் அம்மைக்கு அப்போது பதிமூன்று வயது, அக்காவின் அதே முகம், அதே உயரம். கை மட்டும் பள்ளிக்கூடம் போகிற கை. கங்காணி கையைப் பார்ப்பான்.

பாட்டி தோட்டை நசுக்கி, “கொஞ்சம் பொறுத்துக்க மக்களே” என்று சொல்லி, பத்து விரலிலும் தேய்த்துவிட்டாளாம். மூன்றாம் நாள் அம்மை அக்காவின் தாவணியைக் கட்டிக்கொண்டு போய், அக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது ‘இருக்கேன்’ என்றாள். ஒரு மாதம் அப்படி ஓடியது. சாயங்காலம் பாயில் கிடக்கிற பெரியம்மையிடம் எல்லாம் ஒப்பித்தாக வேண்டும்: எத்தனை கிலோ, யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், யாரிடம் என்ன பேச்சு. இல்லையென்றால் திரும்பிப் போகும்போது மாட்டிக்கொள்வாள். (இப்போது ரேஷன் கடை மிஷினில் இரண்டு பேருக்குமே ரேகை விழுவதில்லை. கடைக்காரர் ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைத்துப் பார்ப்பார்.)

அம்மை இதை எழுபது வயதுக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது ஓரிடத்தில் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து உடைத்த ஒரு பெண் ஒருநாள் அவளுக்கு ஒரு சிவப்பு ரிப்பனைக் கொடுத்திருக்கிறாள். “அதை மட்டும் அவட்ட சொல்லல. அது எனக்குள்ளதுல்லா?”

திங்கள் செய்ததும் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஏழு பேர் ஒரு பெயருக்குள் வாழும்போது, ஒருத்தி ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறாள். ஒரு காதலன், அப்புறம் வயிற்றில் இரட்டைப் பிள்ளை. அதைக் காப்பாற்ற மற்ற ஆறு பேரையும் அதிகாரத்திடம் விற்கிறாள். விற்றதை நான் நியாயப்படுத்தவில்லை, அது கொலைதான். ஆனால் அந்த ஆசையை உங்கள் அக்கா கண்டுகொண்டிருக்கிறாள். நீங்கள் பார்த்தது கொலையை மட்டும்.

படத்தின்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. திங்களை நாம் மன்னிப்பதற்கு அவள் தாயாக வேண்டியிருக்கிறது. சாகும்போதும் பிள்ளைகளைக் காப்பாற்றச் சொல்லித்தான் சாகிறாள். தன் பெயர் தனக்கே வேண்டும் என்று மட்டும் ஒரு பெண் நினைத்திருந்தால் போதாதா? இந்தக் கதை முதலில் ஓர் ஆணை வைத்து எழுதப்பட்டதாம். அவனுக்கு என்ன காரணம் வைத்திருந்தார்களோ!

வெள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியாழன் தப்பிக்க வழிசெய்துவிட்டு வீட்டோடு வெடித்துச் சாகிறவள். எல்லோரும் கண்கலங்கும் தியாகம் அது. எனக்கு அது தியாகமாகவே படவில்லை. கூட்டத்தை விட்டுத் தனியாக ஒருநாள்கூட இருக்க முடியாதவளாக அவளை வளர்த்திருக்கிறார்கள். உயிரைத் தருவதைவிட, தனியாக வாழ்வது அவளுக்குப் பெரிய பாடு. தாத்தா வெட்டியது விரலை மட்டுமா?

தியாகமா துரோகமா என்று கேட்டிருந்தீர்கள். தியாகம் என்கிற சொல்லை எங்கள் வீட்டில் ஆசையாகச் சொல்பவர்கள் வாங்கிக்கொண்டவர்கள்தான், நானும் சேர்த்து. அம்மை அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு மாதத்தில் என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் சொல்வாள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் என்ன படித்தீர்கள் என்று இருக்கிறது. அக்கா பன்னிரண்டு முடித்து என்ன படிக்க ஆசைப்பட்டாள் என்பது இல்லை. அன்றைக்கு அவள் சாயா போட எழுந்தபோது நீங்களும் பின்னாலேயே அடுக்களைக்குப் போயிருக்கலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.