சம அளவுத் தொகுதிகள்: பிரிட்டன் உறுப்பினர்களின் வாக்குப் பதிவை எப்படிப் படிப்பது?

கேள்வி: எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்குப் பதிவில் "சம அளவுத் தொகுதிகளுக்கு எதிராக வாக்களித்தவர்" என்று இருக்கிறது. எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்பதையே அவர் எதிர்க்கிறாரா?

பதில்: அந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவு கட்ட இயலாது. 2010இல் கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசு கொண்டுவந்து 2011 பிப்ரவரியில் சட்டமான மசோதாவில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன: மாற்று வாக்கு முறை (வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறித்து வாக்களிப்பது) குறித்த பொது வாக்கெடுப்பு, உறுப்பினர் எண்ணிக்கையை 650இலிருந்து 600ஆகக் குறைத்தல், தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்ற விதி. மாற்று வாக்கு முறைக்குப் பொது வாக்கெடுப்பு நடத்துவோம் எனத் தன் தேர்தல் அறிக்கையிலேயே சொல்லியிருந்த லேபர் கட்சி, தொகுதிப் பகுதியைக் காட்டி மசோதாவை எதிர்த்தது. இந்தப் பொட்டலத்தில் எதை ஒருவர் மறுத்தார் என்பதை அவருடைய அவை உரையில்தான் தேட வேண்டும்.

கேள்வி: முன்பு ஆதரித்த லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் ஒருவர் 2013இல் எதிர்ப்பவராகத் தெரிகிறாரே?

பதில்: லிபரல் டெமாக்ரட் கட்சி விரும்பிய பிரபுக்கள் அவை (மேலவை) சீர்திருத்தம் 2012 ஆகஸ்டில் கைவிடப்பட்டதும், புதிய தொகுதி எல்லைகளுக்கு இனி ஆதரவில்லை என்று அக்கட்சியின் தலைவரும் துணைப் பிரதமருமாக இருந்த நிக் கிளெக் அறிவித்தார். 2013 ஜனவரி 29 அன்று, மறுவரையறையை 2018க்குத் தள்ளிவைக்கும் திருத்தம் 334க்கு 292 என்ற கணக்கில் நிலைத்தது. அன்றைய வாக்கைக் கொள்கை மாற்றம் என்பதைவிடக் கூட்டணிக் கணக்குத் தீர்த்தல் என்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

கேள்வி: வாக்களிக்காதிருந்தால் நடுநிலை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. உடல்நலக் குறைவு, வெளிநாட்டுப் பணி, இருவருமே வாக்களிக்காமல் இருப்பது என்று எதிர்க்கட்சி உறுப்பினருடன் செய்துகொண்ட ஏற்பாடு எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

கேள்வி: 2018 எல்லை அறிக்கைகளுக்கு எங்கள் உறுப்பினர் ஆதரவளித்தாரா?

பதில்: அவை வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதன்பின் வந்த 2020 சட்டம், 650 இடங்களை மீட்டதோடு, எல்லைகளை வகுக்கும் ஆணையங்களின் பரிந்துரைகள் அவையின் ஒப்புதல் இன்றியே நடைமுறைக்கு வரவும் வழிசெய்தது. எனவே 2024 தேர்தலில் பயன்பட்ட எல்லைகளுக்கு எந்த உறுப்பினரும் ஆதரவாகவோ எதிராகவோ வாக்களித்ததில்லை. யாரேனும் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: இப்போதாவது தொகுதிகள் சமமா?

பதில்: பெரும்பாலும். எல்லைகளை வகுக்கக் கணக்கிட்ட சராசரி 73,393 வாக்காளர், கீழ் வரம்பு 69,724, மேல் வரம்பு 77,062. ஐந்து தீவுத் தொகுதிகளுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் சுமார் 21,000 வாக்காளருக்கு ஓர் உறுப்பினர் இருக்க, ஒரே தொகுதியாக இருந்தபோது 1,10,000ஐத் தாண்டியிருந்த ஐல் ஆஃப் வைட் இன்று இரண்டாகப் பிரிந்துள்ளது. வேல்ஸ் 40 இடங்களிலிருந்து 32க்கு இறங்கியது.

எண்ணப்படுவது மக்கள்தொகை அன்று, பட்டியலில் பதிந்த வாக்காளர் என்பதையும் கவனிக்க வேண்டும். வாடகை வீட்டில் அடிக்கடி இடம்பெயரும் இளைஞர்கள் மிகுந்த நகரங்களில் பதிவு குறைவாக இருப்பதால், இந்தக் குறையைச் சுட்டியே சட்டத்தை எதிர்த்தவர்களும் உண்டு. அடுத்த மறுவரையறை அறிக்கை 2031 அக்டோபர் 1க்கு முன் வர வேண்டும்.