இசை எங்கே கைகொடுக்கும், எப்படி? – ஒரு இசை சிகிச்சையாளரின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன் (உடல் அசைவைப் பாதிக்கும் மூளை நோய்). நடக்க நடக்க அடிகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. தாளம் போட்டு நடக்கவைத்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா மேடம்?

பதில்: நோய் போகாது, நடை தேறும். அடுத்த அடியை எப்போது வைப்பது என்று மூளைக்குள் நேரம் குறித்துத் தரும் அமைப்பு பார்க்கின்சனில் பழுதாகிறது. காதில் விழும் சீரான தாளம் அந்த வேலையை வெளியிலிருந்து செய்துகொடுக்கும். அமெரிக்காவில் மைக்கேல் தௌட் குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், தினம் 30 நிமிடம் வீதம் 3 வாரம் தாளத்தோடு நடந்தவர்களின் நடைவேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது.

முதலில் அப்பாவை அவர் போக்கில் நடக்கவிட்டு, 30 நொடியில் எத்தனை அடி என்று எண்ணுங்கள். 45 என்றால் நிமிடத்துக்கு 90. சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் செயலியைப் போனில் அதே 90-ல் வைத்து ஒரு வாரம் நடக்கட்டும். தடுமாற்றம் இல்லை, அடியும் நீளமாக விழுகிறது என்றால் மட்டும் 94, 95-க்கு ஏற்றுங்கள். எடுத்த எடுப்பிலேயே வேகமான குத்துப்பாட்டைப் போடுவதில்தான் பலருக்கும் கெடுகிறது. தாளத்தைத் துரத்தப்போய் அடி இன்னும் குறுகும். உடம்பு முன்னால் சாய்ந்து விழுந்துவிடுவார். மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்துப் பயிற்சி கொடுங்கள், பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வாசற்படியிலோ திரும்பும்போதோ கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறதா? அப்படியானால் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் பழைய பாட்டை வரி பிசகாமல் பாடுகிறார்! பாடவைத்துக்கொண்டே இருந்தால் பேச்சு வந்துவிடுமா?

பதில்: அது மட்டும் போதாதுங்க. மனப்பாடமான பாட்டு தானாக ஓடிவரும். தேவையான சொல்லைத் தேடி எடுத்துப் பேசுவது வேறு வேலை. அந்தப் பாட்டுத் திறனைப் பேச்சுக்குத் திருப்புவதற்கென்றே பாஸ்டனில் 1973-ல் ஒரு முறையை வகுத்தார்கள்; 'மெலடிக் இன்டொனேஷன் தெரபி' என்பார்கள். நாம் சொல்வது நன்றாகப் புரிந்து, வாய்தான் திக்கித் திணறுகிறவர்களுக்கு இது பொருந்தும்.

'தண்ணி வேணும்' போல அன்றாடம் தேவைப்படும் சின்னத் தொடரை எடுங்கள். இரண்டே சுரம் போதும்: ஷட்ஜமும் (ஸ), அதற்கு மேலே வரும் சாதாரண காந்தாரமும் (க). அழுத்திச் சொல்கிற இடம் மேல் சுரத்தில் வரட்டும். அம்மாவின் இடது கையைப் பிடித்து அசைக்கு ஒரு தட்டு: தண்–ணி–வே–ணும், நான்கு தட்டு. முதலில் நீங்கள் முனகிக் காட்டுங்கள். பிறகு சேர்ந்து பாடுங்கள். அது படிந்ததும் பாதியில் உங்கள் குரலை நிறுத்திவிடுங்கள், மீதியை அவர் முடிக்கட்டும். அடுத்து நீங்கள் பாட, அவர் தனியாகத் திருப்பிப் பாட வேண்டும். கடைசியாக "என்னம்மா வேணும்?" என்று கேளுங்கள், அதே தொடர் பதிலாக வர வேண்டும். அதற்கப்புறம்தான் ராகத்தைக் குறைத்துப் பேச்சுத் தொனிக்கு இறங்குவது. ஒரு படியில் திணறினால் முந்தைய படிக்குப் போங்கள். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தினால் இருப்பதும் நின்றுவிடும். தொடர்களை ஸ்பீச் தெரபிஸ்ட்டோடு உட்கார்ந்து தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு எந்த ராகம் கேட்க வேண்டும்?

பதில்: நோய்க்கொரு ராகம் என்ற பட்டியல்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மனம் அடங்குவதற்கு உதவுவது ராகத்தின் பெயரைவிட, கேட்பவருக்கு அது பழகிப் பிடித்த இசையா என்பதும், அதன் வேகமும்தான்.

கேள்வி: தூக்கத்துக்காகப் பாட்டுப் போட்டால் இன்னும் முழிப்புத்தான் வருகிறது அக்கா.

பதில்: எதைப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். வார்த்தை வந்தால் மனம் கூடவே பாடும். பாடலில்லாத வீணை, புல்லாங்குழல், நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வேகம், திடீரென ஓங்காத ஒலி. ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் நிரவலும், தாள வாத்தியம் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனமும் படுக்கைக்கு ஆகாது. நடுவில் விளம்பரம் கத்தினால் எல்லாம் போச்சு, ஆகவே முன்பே பதிவிறக்கி வைத்துவிடுங்கள். 45 நிமிடத்தில் தானாக நிற்க டைமர் போடுங்கள். ஒரே இரவில் பலன் பார்க்காதீர்கள். ஒரே தொகுப்பை 3 வாரமாவது தினமும் கேளுங்கள்.

கேள்வி: பாட்டிக்கு மறதி நோய். மாலையானால் "வீட்டுக்குப் போகணும்" என்று ஒரே தவிப்பு.

பதில்: அவருடைய 10 வயது முதல் 25 வயது வரையிலான பாடல்கள்தான் பெரும்பாலும் கடைசிவரை நினைவில் தங்கும். கூடப்பிறந்தவர்களைக் கேட்டு ஏழெட்டுப் பாட்டுச் சேருங்கள். தவிப்பு தொடங்கும் நேரத்துக்கு அரைமணி முன்பே, டிவியை அணைத்துவிட்டு, 20 நிமிடம் போடுங்கள். தவிப்பு முற்றிய பிறகு போட்டால் அதுவும் ஓர் இரைச்சலாகிவிடும். முகம் சுளித்தாலோ அழுதாலோ அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள், துக்க வீட்டு நினைவாக இருக்கலாம்.

கேள்வி: நாள் முழுக்க இயர்போனில் கேட்கலாமா?

பதில்: ஒலியின் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்கு வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சலை வெல்லத்தான் பலரும் ஒலியைக் கூட்டுகிறார்கள். வெளிச்சத்தத்தை அடைக்கும் இயர்போன் வாங்கி, போன் ஒலியை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று கேட்டால் அளவு மீறிவிட்டது. மறுநாளும் அது நிற்காவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.