தாத்தா அந்த ரயிலில் இருந்தாரா?

கேள்வி: 1964 புயலுக்கு முன்பு என் தாத்தா தனுஷ்கோடி துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை பார்த்தார். புயலன்று கடல் கொண்டுபோன ரயிலில் அவரும் இருந்தார் என்பது பாட்டி சொன்ன கதை. ஆண்டுதோறும் மார்கழியில் திதி கொடுக்கிறோம். ஆனால் அவர் அதற்குச் சில நாள் முன்பே இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறிவிட்டார் என்றும், அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்றும் என் பெரிய அத்தை சொல்கிறார். பாட்டி இப்போது இல்லை. பாட்டி சொன்னபடியே நாவலாக எண்பது பக்கம் எழுதினேன். படித்தவர்கள் அதில் உயிரில்லை என்கிறார்கள். உண்மை நிகழ்ச்சியில் எவ்வளவு கற்பனை கலக்கலாம்? எழுதவே கூடாது என்கிற அத்தைக்கு என்ன பதில் சொல்வது?
— ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, கற்பனை குறைந்துவிட்டதால் உங்கள் பக்கங்கள் உயிரிழந்தன என்று நான் நினைக்கவில்லை. அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரு கதை, சொல்பவரின் மனத்தேவைக்கு ஏற்பத் தேய்ந்தும் வளர்ந்தும் வந்திருக்கும். பாட்டியின் கற்பனை அதில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. நீங்கள் அதை ஒரு வாக்குமூலம் போலப் பிரதி எடுத்தீர்கள், கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு கலக்கலாம் என்று அளவைக் கேட்கிறீர்கள். எந்த இடத்தில் கற்பனைக்கு உரிமை உண்டு, எந்த இடத்தில் இல்லை என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் அளவைப் பற்றிய கவலை தானாகவே நீங்கிவிடும்.

பிறர் சரிபார்த்துக்கொள்ளக் கூடியவை எவையோ, அவற்றில் கை வைக்காதீர்கள். புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. அது பௌர்ணமி கழிந்து மூன்று நாளான தேய்பிறைக் காலம். அந்த இரவை அமாவாசை இருட்டு என்று எழுதினால் பிழை, மேகமும் மழையும் நிலவை மறைத்துவிட்டன என்று எழுதினால் பொருந்தும். ஊரில் ரயில் நிலையம், தபால் அலுவலகம், சுங்க அலுவலகம், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். பாம்பன் பாலமும் சேதமடைந்து, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. இவற்றைச் சரியாக எழுதுவது, தகவல் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு அஞ்சி அன்று. அந்த இரவில் உறவுகளை இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் தீவிலேயே வாழ்கிறார்கள். அவர்களிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த விவரங்கள்தாம்.

இனி ரயிலுக்கு வருவோம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு நள்ளிரவை ஒட்டி வந்துகொண்டிருந்த அந்த ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. ஆகவே பெட்டிக்குள் யார் யாருடைய கையைப் பற்றிக்கொண்டார், யார் கதவைத் திறக்க முயன்றார், கடைசி நிமிடத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையெல்லாம் சொல்ல ஒரு சாட்சியும் கிடையாது. வரலாறு எழுதுபவர் அந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிட வேண்டும். நாவல் எழுதுபவர் உள்ளே போகலாம், போகத்தான் வேண்டும். சாட்சிகள் முடிகிற இடத்தில் உங்கள் கற்பனைக்கு முழு உரிமை உண்டு.

உங்கள் குடும்பத்துக் கதையிலும் அப்படியொரு கதவு இருக்கிறது. அதை நீங்கள் இன்னும் தட்டிப் பார்க்கவில்லை. ரயில் தனுஷ்கோடியை நோக்கி வந்துகொண்டிருந்தது. தாத்தாவுக்கு வேலையும் வீடும் தனுஷ்கோடியில். பாட்டி சொன்னது உண்மையானால், அன்று அவர் எதற்காகப் பாம்பன் பக்கம் போயிருந்தார்? யாரைப் பார்க்க, யாரிடம் பணம் வாங்க, எதை விற்க? எண்பது பக்கங்களில் இந்தக் கேள்விக்கு நீங்கள் ஒரு விடை கற்பித்திருந்தால், அந்த மனிதருக்கு ஓர் அன்றாட வாழ்வு கிடைத்திருக்கும்.

அத்தை சொல்வது உண்மையானால் என்ன என்பது இதைவிட வளமான கேள்வி. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை பற்றி இரு நாடுகளும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று அதில் முடிவாயிற்று. புயலுக்கு இரண்டு மாதங்கள்கூட இல்லை. அக்கரையில் மனைவியும் பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு, இனி இந்தப் போக்குவரத்து எத்தனை நாளைக்கு, அவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக ஆவார்கள் என்ற அச்சம் அந்த வாரங்களில் வந்திருக்க முடியும். அந்தக் குடும்பம் இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்த குடும்பமாக இருந்தால் இந்த அச்சம் இன்னும் கூர்மையாகும். இது நடந்ததா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் நடந்திருக்கக் கூடியது. நாவலுக்கு வேண்டிய கற்பனை இப்படிப்பட்டதுதான்: அந்தக் காலமே ஒரு மனிதருக்குக் கொடுத்திருக்கக் கூடிய காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது.

இரண்டில் எது உண்மை என்று முடிவு செய்தாக வேண்டும் என்று எண்ணாதீர்கள். பாட்டி ஏன் ரயிலைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசியுங்கள். ரயிலோடு போனவரின் மனைவிக்கு ஊர் துணை நிற்கும். துக்கம் கேட்க வருவார்கள், அவருக்கு ஒரு நாள் குறித்துத் திதி கொடுக்கலாம், பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் தலைகுனிய வேண்டியதில்லை. கடல் கடந்து இன்னொருத்தியிடம் போனவரின் மனைவிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தாலியைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்பதைக்கூட அவர் தனியாகவே முடிவு செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் உடலே கிடைக்காமல் போன ஓர் ஊரில், ஓர் இளம்பெண் தன் கணவரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அதை மெல்ல மெல்லத் தானே நம்பத் தொடங்கினார் என்றால், எனக்கு அதில் பொய் தெரியவில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு மன உறுதி தெரிகிறது. உங்கள் நாவலின் நடுப்பாத்திரம் தாத்தா அல்லர், பாட்டியே என்பது என் கருத்து. மார்கழித் திதிக்கு எள்ளும் தண்ணீரும் எடுத்து வைக்கும்போது அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை எழுத எந்த ஆவணமும் உங்களுக்கு உதவாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பலர் மாண்ட ஒரு நிகழ்ச்சியில், அவர்கள் ஏன் மாண்டார்கள் என்பதைக் கற்பனையால் மாற்றுவது மிகப் பெரிய பொறுப்பு. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக்குறையை ஒரு காரணமாக அவர் கற்பித்தது, கூலிக்காகவும் சாதிக்கு எதிராகவும் நடந்த போராட்டத்தை ஒரு தனிமனிதரின் மனக்கோளாறாகச் சுருக்கிவிட்டது என்ற விமர்சனத்துக்கு உள்ளானது. அந்த விமர்சனத்தை நான் ஏற்கிறேன். உங்கள் கதையில் இந்த இடர் சிறியதுதான் என்றாலும், ரயிலை ஓட்டியவரையோ நிலைய ஊழியர்களையோ கதைச் சுவைக்காகக் குற்றவாளிகளாக்கிவிடாதீர்கள். அவர்களுக்கும் குடும்பங்கள் உண்டு.

பெரிய நிகழ்ச்சியை முன்னே நிறுத்தாமல் எழுதுவது எப்படி என்று அறிய, அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலைப் பொறுமையாகப் படியுங்கள். 1948இல் ஹைதராபாத்தில் நிஜாம் ஆட்சி முடிவுக்கு வந்ததை, செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் சந்திரசேகரன் என்ற மாணவனின் அன்றாடத்தின் வழியாகவே அது சொல்கிறது. அசோகமித்திரன் அதே ஊரில் அதே வயதில் அதைக் கண்டவர். இன்னொன்று: உண்மையாக நடந்தது என்பதற்காக எதையும் நாவலில் சேர்க்காதீர்கள். புயல் நேரத்தில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் இருந்தார்கள். உண்மைதான், ஆனால் உங்கள் பாட்டியின் கதைக்குள் அவர்கள் நுழைந்தால், வாசகரின் கண் அவர்கள் பக்கமே திரும்பிவிடும்.

அத்தையைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சிறிய தீவில் அது யாரையும் மறைக்காது. “இதில் வரும் பாத்திரங்கள் கற்பனையே” என்று முன்பக்கத்தில் அச்சிடுவதும் அவருடைய மனக்காயத்தை ஆற்றாது. தாத்தாவின் கதையில் பேத்தியான உங்களுக்கும் பங்கு உண்டு. அத்தையின் சொந்த வாழ்வு, அவருடைய திருமணம், தாயோடு அவருக்கு இருந்திருக்கக் கூடிய பிணக்கு ஆகியவற்றில் உங்களுக்குப் பங்கில்லை, அவற்றைத் தொடாதீர்கள். தலைமன்னார் ரகசியம் அறிந்தவராக ஒரு மகளை வைக்காமல், கப்பலேறும் இடத்தில் வேலை பார்த்த ஒரு முதியவரை வையுங்கள். தாத்தா கப்பலேறியதைக் கண்ணால் கண்டும் பாட்டிக்காக வாய் திறக்காத அந்த மனிதர், உங்கள் அத்தையைக் காப்பாற்றுவதோடு நாவலுக்கும் ஒரு புதிய சுமையைக் கொண்டுவருவார். முதல் வரைவை முடிக்கும்வரை அத்தையிடம் எதையும் காட்டாதீர்கள். அவர் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதினால் ஒரு பக்கமும் நகராது. முடித்தபின், அச்சுக்குப் போகுமுன், அவரை உட்காரவைத்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். தம்மைச் சுட்டுவதாக அவர் சொல்லும் இடங்களை மறுபேச்சின்றி நீக்குங்கள். தாத்தாவைப் பற்றியோ பாட்டியைப் பற்றியோ ஒரு வரியை எடுக்கச் சொன்னால், உடனே சம்மதிக்காமல், ஏன் என்று கேட்டு அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். அதற்குப் பிறகு முடிவு உங்களுடையது.